அசல் எர்சாட்ஸ் கோப்பி

கொட்டாஞ்சேனையில் அலவி நானாவின் கோப்பிக் கடைக்கு வழி கேட்டுப் போனவன் ஒருவனும் இல்லை. மூக்கு இருந்தால் போதும். நானா இரும்புச் சட்டியில் கொட்டை வறுக்கத் தொடங்கினால், கிராண்ட்பாஸ் ட்ராமில் தூங்கிக்கொண்டு போகிறவன் எழுந்து இறங்கிவிடுவான். சளிக்காரனுக்குச் சளி விட்டுப்போகும். கப்பல்கள்கூட வெளிச்ச வீட்டை நம்பி வருவதில்லை, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் துறைமுகத்துக்குள் நுழைகின்றன என்பது நானாவின் வாக்கு. நானாவின் வாக்கில் பத்துக்கு எட்டைக் கழித்துவிட்டு மீதியை நம்புவது கொட்டாஞ்சேனை வழக்கம்.

ஆள் பார்வைக்கு அகப்பைக் காம்பு. துருக்கித் தொப்பியையும் சேர்த்து அளந்தால்தான் ஐந்தடியைத் தொடுவார். குரல் மட்டும் கப்பல் சங்கு. இலங்கை முழுக்கத் தேயிலை விளைந்து கிடக்க, அவர் கடையில் தேத்தண்ணி ஒரு சொட்டுக் கிடையாது.

"தேத்தண்ணி எண்டது கோப்பை கழுவின தண்ணி. என்ட வாப்பா மவுத்தாகப் போகக்குள்ள என்ட கையப் புடிச்சி, 'மகன், பட்டினி கிடந்தாலும் கிட, தேயிலய மட்டும் கடைக்குள்ள ஏத்தாத' எண்டு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாரு," என்பார் நானா.

உள்ளே உரல் பக்கத்திலிருந்து அவர் மனைவி பஹ்மியா சத்தம் போடுவாள்.

"மாமா கடைசியாக் கேட்டது ஒரு மொடறு தேத்தண்ணி. குடுத்தது நான்."

"அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று நானா வாடிக்கைக்காரர்களிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்ளேதான் உலக யுத்தம் வந்து உட்கார்ந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நானா ஓடவில்லை. ஒரு விமானம் கடைக்கூரைக்கு மேலே தாழப் பறந்து வந்து, வாசனையை இழுத்துவிட்டு, குண்டு போட மனமில்லாமல் திரும்பிப் போனதாக நாற்பது நாள் கதை சொன்னார்.

குண்டுக்குத் தப்பிய நானாவைக் கொட்டை மடக்கிப் போட்டது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாகப் பஜிரி என்று ஒரு கம்புத் தானியம் வந்தது. அதைத் தின்ற கோழிகளே மறுநாள் வேறு வீடு தேடிப் போயின. கோப்பிக் கொட்டை மட்டும் வரவே இல்லை. புறக்கோட்டை மொத்தக் கடைக்காரர்கள் நானாவைக் கண்டதும் கையை விரித்தார்கள். சாக்கின் அடியில் கடைசிப் பிடி கொட்டை இருந்த அன்று நானா சோறும் தின்னவில்லை.

"எல்லாக் கடையும் தேத்தண்ணி ஊத்துது. நாமளும் ஊத்துவம்," என்றாள் பஹ்மியா.

"அதுக்கு முந்தி என்னைக் கபுறுக்குள்ள வையுங்க."

"ஒங்களக் கபுறுக்குள்ள வெச்சா மத்தியானம் புள்ளைகள் என்னத்தத் தின்னும்?"

பஹ்மியா பேச்சை அதோடு விட்டாள். வேலையைத் தொடங்கினாள். புளி கரைத்துவிட்டு எறியும் புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வறுத்தாள். நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டையைச் சேர்த்தாள். கொஞ்சம் சோளம், கொஞ்சம் சுக்கு, ஒரு சிட்டிகை ஏலம். இடித்து, அரித்து, கொதிக்கும் தண்ணியில் போட்டுக் கருப்பட்டியோடு நீட்டினாள். நானா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கண்ணைத் திறந்தார்.

"புள்ள, இது கோப்பி இல்ல."

"இல்ல."

"ஆனா தேத்தண்ணியும் இல்ல."

"இல்ல."

"அப்ப ஹலால்தான்," என்றார் நானா.

அன்றிலிருந்து காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு பின்வாசலால் வருவார்கள். பஹ்மியாவிடம் கொடுத்துவிட்டு ஒரு கிண்ணம் கறித்தூள் வாங்கிப் போவார்கள். பின்னேரம் அவர்களுடைய புருஷன்மார் முன்வாசலால் வந்து, அதே புளியங்கொட்டையைக் குடித்துவிட்டு, "நானாட கையில வேற ஒரு ருசி" என்று தலையை ஆட்டுவார்கள். பெண்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கறித்தூள் அவ்வளவு நல்லது.

அந்த நாளில்தான் பேதுரு அண்ணன் கடைக்கு வந்தார். சென்ற் லூசியா கோவிலடிக்காரர், அறுபதைத் தாண்டியவர், வாலிபத்தில் கப்பலில் பரிமாறும் வேலை செய்தவர். முதல் யுத்தத்தில் அவருடைய கப்பலை ஜெர்மன்காரர் பிடித்து, இரண்டு வருஷம் அவரைத் தங்கள் நாட்டிலே அடைத்து வைத்திருந்தார்கள். அவர் முதல் வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எர்சாட்ஸ்!" என்றார். "ஐயோ நானா, எர்சாட்ஸ்! இருபத்தைஞ்சு வருஷமாச்சு இந்த ருசி நாக்கில பட்டு! இன்னொண்டு ஊத்துங்க."

நானாவுக்கு நெஞ்சு விரிந்து தொப்பி ஒரு விரற்கடை மேலே போனது. சீமை கண்டவர், கண்ணீர் விட்டு, இரண்டாம் கோப்பை கேட்டுச் சொன்ன சொல். அதற்கு என்ன கருத்து என்று கேட்பது நானாவின் மரியாதைக்குக் குறைவு. தெரியாததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்தவர்போல் சொல்லிக்கொண்டு போவார், கருத்து பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும்.

அடுத்த கிழமையே போர்ட் எழுதும் கிளெமென்றைக் கூப்பிட்டார். கடை நெற்றியில், யானை படுக்கிற அளவு பலகையில், தங்க மையால் எழுதச் சொன்னார்: 'அசல் எர்சாட்ஸ் கோப்பி.' கீழே இங்கிலீசிலும். இங்கிலீஸ் எழுத்துத் தெரியாமல் கிளெமென்ற் வீதியால் போன பட்டாளத்து வெள்ளைச் சோல்தாது ஒருவனைக் கேட்டான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக் கொடுத்தான். மறுநாள் அவன் பத்துப் பேரோடு வந்தான். அவர்கள் போர்டுக்குக் கீழே நின்று படம் பிடித்தார்கள், கோப்பி குடித்தார்கள், நானாவின் முதுகில் தட்டினார்கள்.

"பாத்தியா புள்ள, இங்கிலாந்துக்கும் பேர் பெய்த்திட்டுது!" என்றார் நானா.

"எர்சாட்ஸ் எண்டா என்ன நானா?" என்று கேட்டவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நிலாம். ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்காரன். நானா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அது ஒரு தீவு. மக்காவுக்கும் அங்கால. அங்க கோப்பி மரம் தென்ன மரம் உசரம். ஏணி வெச்சித்தான் ஆயணும். ஒரு கொட்ட தேங்கா அளவு ஈக்கும்."

"தேங்கா அளவா?"

"சின்னத் தேங்கா," என்று நானா நியாயமாகக் குறைத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் அந்தத் தீவுக் கோப்பி ஓடியது. ஏழாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, வெள்ளைக் கோட்டும் நெற்றியில் விபூதியும் கையில் குடையுமாக ஒருவர் வந்து போர்டை அண்ணாந்து பார்த்தார். கோட்டையில் கடை லைசன் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரின் இன்ஸ்பெக்டர் சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் வீடு.

"நீர்தானோ அலவி?"

"ஓம் சேர். உக்காருங்க, ஒரு எர்சாட்ஸ் ஊத்தவா?"

"ஊத்த வேண்டாம் காணும், உந்தச் சொல்லாலதான் வந்தனான்." அவர் ஒரு கடுதாசியை விரித்தார். "எங்கட துரை மோட்டர் காரில போகேக்க உம்மட போர்டைப் பாத்திருக்கிறார். இது ஜெர்மன் பாஷை. நாங்கள் ஆரோட சண்டை பிடிக்கிறம்?"

"ஜப்பானோட, சேர்."

"ஜெர்மன்காரனோடயும்தான், காணும்! துறைமுகத்துக்குப் பக்கத்தில, தங்க மையில, எதிரியின்ர பாஷையில போர்டு! அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான விளக்கம் தராட்டி உம்மட லைசன் வெட்டு. கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

குடையை விரித்துக்கொண்டு அவர் போய்விட்டார். நானா கல்லாவில் உட்கார்ந்தார். அந்தக் கப்பல் சங்குக் குரல் போன இடம் தெரியவில்லை. கடை பூட்டினால் நானாவுக்கு வேறு தொழில் தெரியாது. பஹ்மியா அவர் தொப்பியை எடுத்து அவர் தலையிலே வைத்து, "பேதுரு அண்ணனிட்டப் போங்க," என்றாள்.

பேதுரு அண்ணன் வீட்டு வாசலில் சாய்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திகைத்துப் போனார்.

"கருத்துத் தெரியாமலா எழுதினீங்க? நான் அந்தப் போர்டைப் பாத்திட்டு, இந்தக் கொழும்பில இப்பிடியும் ஒரு நேர்மையான மனுஷன் ஈக்கிறாரேயெண்டு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்!"

"என்னத்துக்கு மெழுகுதிரி?"

"நானா, எர்சாட்ஸ் எண்டா பதிலுக்கு வைக்கிறது. ஒண்டு இல்லாத இடத்தில வேற ஒண்டு. முதல் சண்டையில வெள்ளைக்காரன் கடலை மறிச்சிட்டான். ஜெர்மன்காரனுக்குக் கோப்பிக் கொட்டை வரேல்ல. காட்டு மரத்துக் கொட்டையப் பொறுக்கி வறுத்தான், வாற்கோதுமைய வறுத்தான். அதுக்குப் பேர் எர்சாட்ஸ் கோப்பி. கோதுமை மாவுக்கு உருளைக்கிழங்கு, தோலுக்குக் கடுதாசி. எல்லாத்துக்கும் முன்னால எர்சாட்ஸ் எண்டு ஒட்டினான். ஆறு மாசம் போக எங்களக் காவல் காத்த சார்ஜண்டுக்கும் பல்லு எர்சாட்ஸ்."

"அப்ப தீவு?"

"என்ன தீவு?"

"ஒண்டுமில்ல," என்றார் நானா அவசரமாக. "அப்ப கள்ளக் கோப்பியெண்டா எழுதி வெச்சீக்கிறேன்?"

"கள்ளமில்ல நானா. அவங்கட பாஷையில அது குத்தமில்லாத சொல்லு. பட்டாளத்தில ஒருத்தன் செத்தா அவன்ட இடத்துக்கு வாறவனும் எர்சாட்ஸ்தான். எங்களோட அடைபட்டுக் கிடந்த இங்கிலீஸ்காரன்தான் அந்தக் கோப்பியக் குடிச்சிக் குடிச்சி, காறித் துப்பித் துப்பி, அத ஒரு நையாண்டிச் சொல்லாக்கித் தன்ட ஊருக்குக் கொண்டு போனான். இப்ப அவங்கட வாயில எர்சாட்ஸ் எண்டா மட்டமான போலி."

நானா தலையில் கை வைத்தார். விளக்கம் சொல்லாவிட்டால் ஹிட்லரின் ஆள், லைசன் போகும். விளக்கம் சொன்னால் புளியங்கொட்டையைக் கோப்பி என்று விற்றவன். அதற்கும் லைசன் போகும். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும்.

ஞாயிறு காலை இரண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். கந்தோரில் துரை இருப்பார், வீட்டில் மனுஷர் மட்டும் இருப்பார் என்பது பேதுருவின் கணக்கு. கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட வீடு. சிவபாதசுந்தரம் சால்வையும் வேட்டியுமாக வந்து உட்காரச் சொன்னார். நானா வழியெல்லாம் பாடமாக்கியதைச் சொல்ல வாயைத் திறக்கவும், இன்ஸ்பெக்டரின் மனைவி மூன்று கோப்பை கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

"குடியுங்கோ. சுத்தமான யாழ்ப்பாணக் கோப்பி. காலி வீதிக் கடையில தகரத்தில அடைச்சு விக்கிறான்," என்றார் சிவபாதசுந்தரம் பெருமையாக.

நானா ஒரு வாய் எடுத்தார். முகம் மாறியது. பேதுரு அண்ணன் அதைக் கண்டு மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார். மிதித்து என்ன? அலவி நானாவின் வாய்க்குப் பூட்டு இன்னும் செய்யப்படவில்லை.

"சேர், இதுல அரைவாசி தகரை விதை. கால்வாசி சோளம், அதுவும் கருகினது. மத்தக் கால்வாசி என்னெண்டு விளங்கல்ல, மரத்தூளாகவும் ஈக்கலாம். கோப்பி இந்த வீட்டு வாசலால நடந்து பெய்த்தீக்கிது, உள்ள வரல்ல."

பேதுரு அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லுறீர்?" சிவபாதசுந்தரம் எழுந்துவிட்டார். "முத்திரை குத்தின தகரம், காணும்! சுத்தமானது எண்டு எழுதியிருக்கு!"

"ஒரு கிளாஸ் பச்சத் தண்ணி தாங்க சேர்."

தண்ணீர் வந்தது, தகரமும் வந்தது. நானா ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரின் மேலே தூவினார்.

"கோப்பித் தூள் எண்டா மிதக்கும் சேர். மத்ததெல்லாம் தாழும்."

தூள் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு குண்டு பட்ட கப்பல்போல மொத்தமாக அடிக்குப் போனது. தண்ணீர் சேற்று நிறமானது. சிவபாதசுந்தரம் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், தகரத்தில் இருந்த 'சுத்தமான' என்ற எழுத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி கடலைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா இதைத்தான் குடிக்கிறம்," என்றார் மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. "சரி, உம்மட கடைத் தூளைப் போட்டா?"

"அதுவும் தாழும் சேர்."

"அப்ப நீரும் கள்ளன்தானே!"

பேதுரு அண்ணனுக்கு இதுதான் நேரம்.

"சேர், அந்தக் காலி வீதிக்காரன் பொய்ய உள்ள வெச்சிட்டு மேல சுத்தமெண்டு எழுதினான். இவரு 'இது பதிலுக்கு வெச்சது' எண்டு கடை நெத்தியில, யானை அளவில, ஆறு மாசமா எழுதித் தொங்கவிட்டீக்கிறாரு. எர்சாட்ஸ் எண்டா அதுதான் கருத்து. துரைக்கும் அது தெரியும்."

சிவபாதசுந்தரம் நானாவை உற்றுப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். கருத்துத் தெரிஞ்சோ எழுதினீர்?"

'தெரியும் சேர்' என்று ஒரு சொல் போதும். லைசன் கையில். நானாவின் நாக்கு நுனியில் அந்தத் தீவும், அதன் ராஜாவும், ராஜா எழுதிய கடுதாசியும்கூடத் தயாராக நின்றன. எதிரே சேற்றுத் தண்ணிக் கிளாஸ் நின்றது.

"இல்ல சேர்," என்றார் நானா. "நல்ல பேரெண்டு நினைச்சி எழுதினேன். மூணு நாளைக்கு முந்தித்தான் தெரியும்."

அலவி நானா தன் வாழ்நாளில் கூட்டாமல் பெருக்காமல் சொன்ன முதல் வசனம் அதுதான். பேதுரு அண்ணன் பயந்து போனார், ஆளுக்குக் காய்ச்சலோ என்று. சிவபாதசுந்தரத்தின் சால்வை குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாமல் உண்மை எழுதினவனை இண்டைக்குத்தான் காணுறன், காணும்! சரி, கேளும். 'இவர் எதிரியின்ர ஆள் இல்லை, தன்ர சாமான் போலியெண்டு தானே விளம்பரம் பண்ணின ஆள்' எண்டு துரைக்கு எழுதுறன். ஆனா அந்த ஜெர்மன் சொல்லு இறங்க வேணும். 'அசல்' எண்டதும் இறங்க வேணும். சனத்துக்கு விளங்கிற மாதிரித் தமிழில கருத்தை எழுதும். வெள்ளிக்கிழமை வந்து பாத்துத்தான் கையெழுத்து."

வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச் சொல். அவ்வளவுதான் வேண்டியது. அந்த ஒரு சொல்லுக்குக் கொட்டாஞ்சேனை இரண்டாகப் பிளந்தது.

கிளெமென்ற் ஏணியில் நின்றுகொண்டு, "போலிக் கோப்பி" என்றான். எழுத்துக் குறைவு, மை மிச்சம்.

"போலியெண்டு எழுதுங்க," என்று பஹ்மியா திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "எழுதிட்டு நீங்களே வறுங்க, நீங்களே இடிங்க. என்ட கை பொசுங்கினது போலியா? நான் என்ன, கோப்பியெண்டு சொல்லியா உங்களுக்குக் குடுத்தன்? கோப்பி இல்லையெண்டுதானே குடுத்தன்?"

நானா தலையைக் குனிந்தார். அது சரிதான். பொய் அவருடையது, கோப்பி அவளுடையது.

"கள்ளக் கோப்பியெண்டு போடுவம்," என்றான் நிலாம். "பொலிசுக்காரனும் வந்து குடிப்பான்."

"மாத்துக் கோப்பி?" என்று கேட்டார் நானா.

"மாட்டுக் கோப்பியெண்டு வாசிப்பாங்க," என்றான் கிளெமென்ற்.

வியாழன் பின்னேரம்வரை இப்படியே போனது. கிளெமென்ற் பழைய எழுத்தைச் சுரண்டி முடித்து, வெறும் பலகையோடு ஏணியில் குந்தியிருந்தான். விடிந்தால் வெள்ளி. கடைசியில் பேதுரு அண்ணன் இரண்டாம் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஜெர்மன்காரன் சொன்னதையே நாங்களும் சொல்லுவம். ஒண்டுக்குப் பதிலா வந்தது. பதில் கோப்பி."

பஹ்மியா உள்ளே ஒரு கணம் யோசித்தாள். உலக்கைச் சத்தம் மறுபடி தொடங்கியது. சம்மதம்.

வெள்ளி காலை குடையோடு சிவபாதசுந்தரம் வந்தபோது போர்டில் மை இன்னும் காயவில்லை. அவர் அண்ணாந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். நிலாமும் பக்கத்தில் நின்று வாசித்தான். நானா சொன்ன தீவு மூழ்கிப்போன கதை அவனுக்குத் தெரிந்திருந்தது. பழி தீர்க்க ஆறு நாளாகக் காத்திருந்தான்.

"பதில் மேல ஈக்கிது நானா," என்றான் ஊருக்கே கேட்க. "கேள்வி எங்க?"

கடை முழுக்கச் சிரித்தது. நானா திரும்பினார். போன கப்பல் சங்கு திரும்பி வந்திருந்தது.

"கேள்வி என்ட வாயில ஈக்கிது. இன்ஸ்பெக்டர் ஐயா, ஒண்டு ஊத்தவா?"

சிவபாதசுந்தரம் போர்டைப் பார்த்தார், உள்ளே சட்டியிலிருந்து வந்த வாசனையை மூக்கால் ஒருதரம் இழுத்தார், குடையை மடக்கினார்.

"ஓம்," என்றார். உட்கார்ந்து, கோப்பை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, லைசன் கடுதாசியை மேசையில் விரித்துக் கையெழுத்துப் போட்டார்.